அப்ரண்டிஸ் சேரும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவுக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன் நான். பழைய மாணவர்கள் இன்னும் போன் செய்கிறார்கள். முன்பு தங்களுக்காகக் கேட்டவர்கள் இப்போது தம்பிக்காக, மச்சானுக்காக, மகளுக்காகக் கேட்கிறார்கள். கேள்விகள் பெரிதாக மாறவில்லை. ஒவ்வொருவருக்கும் அரை மணி நேரம் சொன்னதையே இங்கே எழுதி வைக்கிறேன். சட்டம் என்று நான் சொல்வதெல்லாம் 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம்; அப்ரண்டிஸைத்தான் தமிழில் தொழிற்பழகுநர் என்கிறோம். அதை 2014-இல் பெரிதாகத் திருத்தினார்கள். 2019-இல் அதன் விதிகளையும் மாற்றினார்கள்.

அப்ரண்டிஸ் என்பது வேலையா, படிப்பா?

படிப்பு. இதை முதலில் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். மற்ற பதில்கள் எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன.

சட்டத்தின் 18-ஆம் பிரிவு, தொழிற்பழகுநர் பயிற்சி பெறுபவரே தவிரத் தொழிலாளி இல்லை என்கிறது. தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தாது என்றும் சேர்த்தே சொல்கிறது. அதனால் பி.எஃப். பிடிக்க மாட்டார்கள், இ.எஸ்.ஐ. கிடையாது, குறைந்தபட்சக் கூலி என்று கேட்க முடியாது. 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தால் நிரந்தரம் என்று தமிழ்நாட்டில் 1981-இல் ஒரு சட்டம் வந்ததே, அதைக் காட்டியும் வழக்குப் போட முடியாது. காலையில் அதே சைரனுக்கு உள்ளே போய், அதே மெஷினில் நின்று, அதே கேன்டீனில் சாப்பிட்டாலும் சட்டத்தின் கண்ணில் நீங்கள் மாணவர்தான்.

இத்தனை உரிமையை எடுத்துக்கொண்ட சட்டம் பதிலுக்குத் தருவது ஒன்றுதான்: உங்களுக்குத் தொழில் கற்றுத்தர வேண்டிய கடமையை முதலாளி தலையில் வைக்கிறது. அந்தக் கற்றல் நடக்கவில்லை என்றால் நீங்கள் இழந்தது முழுக் கூலி. நம் பிள்ளைகளில் பாதிப்பேர் ஸ்டைஃபண்டை, அதாவது மாத உதவித்தொகையை மட்டும் எண்ணிப் பார்த்துவிட்டு, கற்றதை எண்ணாமல் வெளியே வருகிறார்கள். எனக்குள்ள பெரிய வருத்தம் அது.

கம்பெனியில் "டிரெய்னி" என்று எடுத்திருக்கிறார்கள். அதுவும் அப்ரண்டிஸ் தானே?

பெயரை வைத்துச் சொல்ல முடியாது. டிரெய்னி, லேர்னர், இன்டர்ன், ஜி.இ.டி. (பட்டதாரிப் பொறியாளர் டிரெய்னி) என்று கம்பெனிக்கு ஒரு பெயர் உண்டு. உங்களுக்கும் நிறுவனத்துக்கும் இடையே தொழிற்பழகுநர் ஒப்பந்தம் கையெழுத்தாகி, அது அரசின் இணையதளத்தில் பதிவாகி, ஒப்பந்த எண் கிடைத்திருந்தால் நீங்கள் அப்ரண்டிஸ். எண் இல்லை என்றால் இல்லை.

என்னிடம் படித்த ஒரு பையன் ஒரு மோட்டார் உதிரிபாகத் தொழிற்சாலையில் இரண்டு வருடம் "அப்ரண்டிஸ்" என்ற அடையாள அட்டையோடு வேலை பார்த்தான். முடியும் தறுவாயில் தேர்வுக்கு விண்ணப்பிக்க வந்தபோதுதான் அவன் பெயரில் பதிவே இல்லை என்று தெரிந்தது. வேலைக்கு எடுத்தது ஒரு ஒப்பந்தக்காரர். அட்டை அடித்துக் கொடுத்ததும் அவர்தான். இரண்டு வருடத்துக்கும் அவன் கையில் மிஞ்சியது அந்த அட்டை. நான் அவனிடம் முன்பே கேட்டிருக்க வேண்டும். அதன் பிறகு எந்த மாணவன் "கிடைச்சிடுச்சு சார்" என்று சொன்னாலும் இனிப்பை வாங்கும் முன் "நம்பர் என்ன?" என்று கேட்பேன்.

பயிற்சி என்ற சொல்லைத் தவறாகப் பயன்படுத்துவது நம் ஊருக்குப் புதிதில்லை. மேற்கு மாவட்டப் பஞ்சாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் கிராமத்துப் பெண் பிள்ளைகளை மூன்று வருடம் விடுதியில் வைத்து, முடித்தால்தான் கல்யாணத்துக்கு ஒரு தொகை என்று சொல்லி வேலை வாங்கியதை எல்லோரும் அறிவோம். அவர்களையும் பயிற்சியாளர்கள் என்றுதான் அழைத்தார்கள். பதிவில்லாத பயிற்சிக்கு வீட்டுப் பிள்ளையை, அதிலும் விடுதியில் தங்க, அனுப்பாதீர்கள்.

அப்படியானால் பதிவில்லாமல் ஏற்கெனவே வேலை பார்ப்பவர்களின் நிலை? அவர்களுக்கு 18-ஆம் பிரிவு பொருந்தாது. டிரெய்னி என்று எழுதியிருந்தாலும் தொழிலாளிக்கான உரிமைகளைக் கேட்க வழி இருக்கிறது. சம்பளச் சீட்டு, வருகைப் பதிவு, ஷிஃப்ட் சார்ட் எதுவாக இருந்தாலும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு தொழிலாளர் துறையையோ தொழிற்சங்கத்தையோ அணுகுங்கள்.

ஒப்பந்தத்தில் எதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது?

தொழிற்பிரிவின் பெயர், தொடங்கும் தேதி, முடியும் தேதி, உதவித்தொகை, பயிற்சி நடக்கும் இடம். ஃபிட்டர் படித்தவரைப் பேக்கிங் சம்பந்தப்பட்ட பிரிவில் போட்டிருந்தால் அங்கேயே கேளுங்கள். 18 வயது நிரம்பாதவருக்குப் பெற்றோரோ காப்பாளரோ கையெழுத்திட வேண்டும். பள்ளி, ஐ.டி.ஐ. அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்கிறேன் என்றால் கொடுக்காதீர்கள். சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும்.

எங்கே போய்ச் சேருவது?

அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா இணையதளத்தில் நீங்களே பதிவு செய்யலாம். மாவட்டந்தோறும் ஐ.டி.ஐ.களில் தொழிற்பழகுநர் சேர்க்கை முகாம் நடக்கும். அங்கே நிறுவனங்களே வருகின்றன. ரயில்வே, திருச்சி பெல், நெய்வேலி என்.எல்.சி., அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் தனியாக அறிவிப்பு வெளியிடும். பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் பழகிய கைக்கு வெளியில் இன்னும் தனி மதிப்பு உண்டு. சேர்த்துவிடுகிறேன் என்று பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் ஒதுங்கிவிடுங்கள். எந்தக் கட்டத்திலும் தரகருக்கு வேலை இல்லை.

ஸ்டைஃபண்ட் எவ்வளவு?

2019 விதிகள் வகுத்த மாதக் குறைந்தபட்சம் இப்படி இருந்தது: ஐந்தாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவருக்கு 5,000 ரூபாய், பத்தாம் வகுப்புக்கு 6,000, பன்னிரண்டாம் வகுப்புக்கும் ஐ.டி.ஐ.க்கும் 7,000, டிப்ளமோவுக்கு 8,000, பட்டத்துக்கு 9,000. இரண்டாம் ஆண்டில் 10 சதவீதம் கூடும், மூன்றாம் ஆண்டில் 15 சதவீதம்.

ஐ.டி.ஐ. முடித்தவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் இதில் இருக்கிறது. நீங்கள் ஐ.டி.ஐ.யில் படித்த காலத்தையும் பயிற்சிக் காலமாகக் கணக்கிட்டுத்தான் தொகையை நிர்ணயிக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. ஓராண்டுப் பிரிவான வெல்டர் படித்தவர் இரண்டாம் ஆண்டுத் தொகையில், அதாவது 2019 கணக்கில் 7,700-இல் தொடங்க வேண்டும். இரண்டாண்டுப் பிரிவான ஃபிட்டர், டர்னர், எலக்ட்ரீஷியன் என்றால் 8,050. பொதுத்துறை அறிவிப்புகளில் இந்த இரண்டு எண்களைப் பார்த்திருப்பீர்கள். சில தனியார் நிறுவனங்கள் இதை அறியாமல் 7,000-த்தோடு நிறுத்திக்கொள்கின்றன. மாதம் ஆயிரம் ரூபாய் பையனின் பஸ் காசு, கேட்டு வாங்குங்கள்.

இது குறைவுதான். வெளியூரில் அறை எடுத்துத் தங்கி, மெஸ் சாப்பாடு சாப்பிட்டால் மிச்சம் இருக்காது. மத்தியத் தொழிற்பழகுநர் குழு 2025 மே மாதம் கூடி, 5,000 முதல் 9,000 வரை இருந்ததை 6,800 முதல் 12,300 வரை உயர்த்தப் பரிந்துரைத்தது. சேரும் நாளில் எந்தத் தொகை நடப்பில் இருக்கிறது என்பதை முகாமிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நிறுவனம் விரும்பினால் கூடுதலாகவும் தரலாம். நல்ல நிறுவனங்கள் தருகின்றன.

கம்பெனி 5,500 தான் போடுகிறது. ஏமாற்றுகிறார்களா?

அவசரப்பட வேண்டாம். 2016-இல் தொடங்கிய தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையின் கால் பங்கை, அதிகபட்சம் மாதம் 1,500 ரூபாயை, மத்திய அரசு ஏற்கிறது. முன்பு அதை நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள். 2023 முதல் நேரடியாகப் பழகுநரின் வங்கிக் கணக்குக்கே அனுப்புகிறார்கள். 7,000-இல் 1,500 அரசிடமிருந்து, மீதி 5,500 நிறுவனத்திடமிருந்து என்று இரண்டு வரவாக வரும். ஆதார் இணைக்காத கணக்கு என்றால் அரசுப் பங்கு வராது. வங்கியில் போய் ஆதார் இணைப்பை உறுதி செய்துவிட்டு, அதற்குப் பிறகும் வராவிட்டால் புகார் செய்யுங்கள்.

பீஸ் ரேட் பேசுகிறார்கள், ஓ.டி. பார்க்கச் சொல்கிறார்கள். பார்க்கலாமா?

பீஸ் ரேட் கூடவே கூடாது. எத்தனை பீஸ் அடித்தீர்கள் என்று கணக்குப் பார்த்துப் பழகுநருக்குப் பணம் தருவதையும், உற்பத்தி போனஸ் திட்டத்தில் அவரைச் சேர்ப்பதையும் சட்டமே தடுக்கிறது. காரணம் எளிது. எண்ணிக்கைக்குக் காசு என்றால் யாரும் புதிய வேலை கற்கமாட்டார்கள். தெரிந்த ஒரே வேலையை வேகமாகச் செய்யத்தான் கை போகும். ஓ.டி. என்ற கூடுதல் நேர வேலையும் அப்படியே: இந்தச் சட்டத்தைக் கவனிக்கும் அரசு அதிகாரியான தொழிற்பழகுநர் ஆலோசகரின் அனுமதி இல்லாமல் கிடையாது. விடுப்பும் விடுமுறையும் அந்த நிறுவனத்தில் நடைமுறையில் உள்ளபடி உங்களுக்கும் உண்டு.

அடிபட்டால்?

தொழிலாளி இல்லை என்று சொன்ன அதே சட்டம் இந்த ஒரு விஷயத்தில் இறங்கி வருகிறது. பாதுகாப்பு, சுகாதாரம், நலன் பற்றிய தொழிற்சாலை விதிகள் பழகுநருக்கும் பொருந்தும். பயிற்சியின்போது காயம் பட்டால் தொழிலாளிக்குத் தருவதுபோல் இழப்பீடு தர முதலாளி கடமைப்பட்டவர். இ.எஸ்.ஐ. இல்லாததால் மருத்துவச் செலவு யார் பொறுப்பு என்பதைச் சேரும்போதே கேட்டு வையுங்கள். ஆபத்தான தொழில்களில் குறைந்தபட்ச வயது 18, மற்றவற்றில் 14. பவர் பிரஸ்ஸில் விரலை இழந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். கையைக் காக்கும் சென்சார் தடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அதனால் பயிற்சியே போனாலும் போகட்டும்.

ஒரு கம்பெனி எத்தனை அப்ரண்டிஸ் வைத்துக்கொள்ளலாம்?

30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் கட்டாயம் எடுக்க வேண்டும். ஒப்பந்தப் பணியாளர்களையும் சேர்த்து மொத்தப் பணியாளரில் 2.5 சதவீதம் முதல் 15 சதவீதம் வரை. 4 முதல் 29 பேர் வரை உள்ள பட்டறைகள் விரும்பினால் எடுக்கலாம்.

இந்த 15 என்ற மேல்வரம்பைப் பலர் கவனிப்பதில்லை. 200 பேர் உள்ள ஆலையில் பழகுநர் 30 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. ஷிஃப்ட் விடும்போது வெளியே வருபவர்களில் பாதிப்பேர் டிரெய்னி சட்டை போட்டிருந்தால், அந்த இடம் பயிற்சியை நம்பி நடக்கவில்லை, உங்களை நம்பி நடக்கிறது. சேருவதற்கு முன் ஒரு நாள் மாலை கேட் எதிரே உள்ள டீக்கடையில் உட்கார்ந்து பாருங்கள். எந்த அதிகாரியும் சொல்லாததை அந்த அரை மணி நேரம் சொல்லிவிடும்.

கொள்கை பற்றி எனக்கிருக்கும் மனக்குறையும் இங்கேதான். 2014-க்கு முன் சட்டத்தை மீறிய முதலாளிக்குச் சிறைத் தண்டனை வரை இருந்தது. அதை எடுத்துவிட்டு அபராதம் மட்டும் வைத்தார்கள். நிறுவனங்கள் பயமில்லாமல் எடுக்கட்டும் என்பது நோக்கம். சேர்க்கை கூடியது உண்மை. ஆனால் அந்த அபராதம், பழகுநரை எடுக்காமல் விட்ட இடங்களைக் கணக்கிட்டு வருவது. எடுத்தவனுக்கு என்ன கற்பித்தாய் என்று பட்டறைக்குள் வந்து பார்க்க ஆள் போதவில்லை. தலைகளை எண்ணுவதில் காட்டும் அக்கறையில் கால்வாசியைக் கையில் ஏறிய தொழிலை அளப்பதில் அரசு காட்ட வேண்டும்.

முடித்தால் அங்கேயே வேலை நிச்சயமா?

நிச்சயமில்லை. வேலை தர வேண்டிய கட்டாயம் முதலாளிக்குக் கிடையாது. பழகுநர்களை வேலைக்கு எடுப்பதில் தனக்கென ஒரு கொள்கை வகுத்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் 22-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தக் கொள்கை என்ன என்று மனிதவளத் துறையில் கேளுங்கள்.

அரசு நிறுவனங்களில் பயிற்சி முடித்தவர்களுக்கு 1995-இல் உச்ச நீதிமன்றம் ஒரு பிடிமானம் தந்தது. உத்தரப் பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில், மற்றத் தகுதிகள் சமமாக இருந்தால் வெளியாட்களை விடப் பயிற்சி முடித்தவருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. முன்னுரிமைதான், உரிமை இல்லை. ரயில்வேயில் லெவல் 1 என்ற அடிநிலைப் பணியிடங்களில் 20 சதவீதம், ரயில்வேயில் இந்தச் சட்டப்படி பயிற்சி (ஆக்ட் அப்ரண்டிஸ்) முடித்தவர்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனாலும் தேர்வு எழுதித்தான் ஆக வேண்டும். அப்ரண்டிஸ் முடித்துவிட்டு "கூப்பிடுவார்கள்" என்று ஐந்தாறு வருடம் வீட்டில் காத்திருந்து வயது வரம்பைக் கடந்தவர்கள் என் மாணவர்களிலேயே உண்டு. காத்திருக்காதீர்கள், சான்றிதழ் கையில் வந்த மறுவாரமே வேறு இடங்களுக்கு விண்ணப்பியுங்கள்.

பாதியில் நின்றுவிட்டால்?

சொல்லாமல் நிற்பதுதான் தவறு. ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள இரு தரப்பில் யாரும் தொழிற்பழகுநர் ஆலோசகரிடம் விண்ணப்பிக்கலாம். தவறு நிறுவனத்தின் மேல் என்றால் மூன்று மாத உதவித்தொகையை அது இழப்பீடாகத் தர வேண்டும். தவறு உங்கள் மேல் என்றால் பயிற்சிச் செலவைக் கேட்க முடியும். முறிந்த ஒப்பந்தம் இணையப் பதிவில் இருக்கும் என்பதையும் மறக்காதீர்கள்: பொதுத்துறை அறிவிப்புகள் பலவற்றில், ஏற்கெனவே வேறிடத்தில் அப்ரண்டிஸ் செய்தவர் விண்ணப்பிக்க முடியாது என்று ஒரு வரி இருக்கும்.

எனக்கு வயது 34. பதினைந்து வருடமாக லேத் ஓட்டுகிறேன். சான்றிதழ் எதுவும் இல்லை. எனக்கு வழி உண்டா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. அம்பத்தூரிலும் கோயம்புத்தூரிலும் ஓசூரிலும் சிறு பட்டறைகள் நடப்பதே இவர்கள் கையில்தான். கண்ணால் பார்த்தே அளவு சொல்வார்கள். ஆனால் பெரிய நிறுவனத்தின் வாசலில் "ஐ.டி.ஐ. இருக்கா?" என்ற ஒரு கேள்வியில் நின்றுவிடுவார்கள்.

மூன்று வழிகள் இருக்கின்றன, மூன்றும் ஒரே எடை இல்லை. முதலாவது, முன்கற்றலுக்கு அங்கீகாரம். 2015-இல் தொடங்கிய பிரதமரின் கௌசல் விகாஸ் திட்டத்தில் இது ஒரு பகுதி. சில நாள் அறிமுக வகுப்பு, பிறகு மதிப்பீடு, பிறகு சான்றிதழ். வேலையை விட வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சான்றிதழை ஐ.டி.ஐ.க்கு இணையாக எல்லா நிறுவனமும் ஏற்பதில்லை.

இரண்டாவது வழியைத்தான் நான் அதிகம் பரிந்துரைப்பேன். அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுதுவது. 21 வயது நிரம்பி, அந்தத் தொழிலில் மூன்றாண்டு அனுபவம் காட்ட முடிந்தால் விண்ணப்பிக்கலாம். தேறினால் கிடைப்பது ஐ.டி.ஐ. மாணவர் வாங்கும் அதே தேசியத் தொழிற்சான்றிதழ். செய்முறையில் உங்களை யாரும் அசைக்க முடியாது. தடுமாற்றம் எல்லாம் தியரியிலும் பொறியியல் வரைபடத்திலும்தான். பக்கத்து ஐ.டி.ஐ.யில் பயிற்றுநரைப் போய்ப் பாருங்கள். பழைய வினாத்தாள் தருவார். நான் பணியில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் இப்படி வந்தவர்களோடு உட்கார்ந்திருக்கிறேன். பொருளை வெட்டினால் உள்ளே எப்படித் தெரியும் என்று காட்டும் வெட்டுத்தோற்றம் வரையக் கற்றுக்கொண்ட நாளில் ஒரு லேத் ஆபரேட்டர், "பத்து வருஷமா இதைப் பார்த்துத்தான் சார் ஓட்டுறேன், இன்னிக்குத்தான் படிக்கிறேன்" என்றார்.

மூன்றாவது, ஐ.டி.ஐ.யிலேயே சேர்வது. அரசு ஐ.டி.ஐ.யில் ஆண்கள் 40 வயது வரை சேரலாம். பெண்களுக்கு உச்ச வயது வரம்பே இல்லை. பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வகுப்புக்கு வரும் தாய்மார்களை வரவேற்கத்தான் அந்த விதி. 71 அரசு ஐ.டி.ஐ.களில் டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாய் திட்டத்தில் ரோபோ, சி.என்.சி. எல்லாம் வந்திருக்கின்றன. வருமானத்தை விட்டுவிட்டு ஓராண்டு, ஈராண்டு உட்கார முடிபவருக்கு இது நல்ல வழி.

டிப்ளமோ, டிகிரி முடித்தவர்களுக்கு?

அவர்களுக்குக் கல்வி அமைச்சகத்தின் தனித் திட்டம். தென் மாநிலங்களுக்கான தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. பெரும்பாலும் ஓராண்டுப் பயிற்சி. ஏற்கெனவே ஓராண்டுக்கு மேல் வேலை பார்த்தவரைச் சேர்ப்பதில்லை என்பதால் படித்து முடித்த கையோடு பதிவு செய்யுங்கள். பிரதமரின் இன்டர்ன்ஷிப் திட்டம் என்று 2024-இல் வந்தது வேறு. தொடங்கியபோது அதில் மாதம் 5,000 ரூபாய், வயது 21 முதல் 24 என்று இருந்தது. அதை முடித்தால் தொழிற்பழகுநர் சான்றிதழ் கிடைக்காது.

விஸ்வகர்மா திட்டத்தில் தமிழ்நாடு ஏன் சேரவில்லை?

2023 செப்டம்பரில் மத்திய அரசு தொடங்கிய அந்தத் திட்டம் 18 கைத்தொழில்களுக்குப் பயிற்சி, கருவி, கடன் தருகிறது. குடும்பத் தொழிலாகச் செய்துவருபவர் என்ற நிபந்தனையும், 18 வயதிலேயே சேரலாம் என்பதும் பிள்ளைகளைப் படிப்பிலிருந்து அப்பன் தொழிலுக்குத் திருப்பும் என்று மாநில அரசு சொன்னது. குறைந்தபட்ச வயது 35 ஆக வேண்டும் என்று கேட்டு, மறுக்கப்பட்டதும் கலைஞர் கைவினைத் திட்டம் என்று தனியாகக் கொண்டுவந்தது. அதில் 25 தொழில்கள், வயது 35-க்கு மேல், மானியத்தோடு கடன்.

1953-இல் ராஜாஜி அரை நாள் பள்ளி, அரை நாள் குடும்பத் தொழில் என்று கொண்டுவந்ததும், அது குலக்கல்வி என்று எதிர்க்கப்பட்டு அடுத்த ஆண்டு காமராஜர் கைவிட்டதும் இந்த மண்ணின் நினைவில் இருக்கிறது. அந்தத் தயக்கம் நியாயமானது என்றே நினைக்கிறேன். ஐ.டி.ஐ.யின் அழகே, தச்சர் மகன் எலக்ட்ரீஷியன் ஆகலாம், துப்புரவுப் பணியாளர் மகள் மெஷினிஸ்ட் ஆகலாம் என்பதுதான்.

புகார் எங்கே செய்வது?

மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில், எழுத்தில். ஒப்பந்த எண்ணைக் குறிப்பிடுங்கள், நகலில் ஒப்புகை முத்திரை வாங்குங்கள். ஒப்பந்தம் தொடர்பான தகராறில் முடிவு சொல்ல வேண்டியவர் தொழிற்பழகுநர் ஆலோசகர். அவர் முடிவு சரியில்லை என்று தோன்றினால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அந்த நாளைத் தவற விடாதீர்கள்.

கற்றுத்தரவில்லை என்பதை எப்படி நிரூபிப்பது?

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். தினமும் இரவு மூன்று வரி: தேதி, நின்ற இடம் அல்லது மெஷின், செய்த வேலை. புதிதாக ஒன்று கற்றிருந்தால் அதற்குக் கீழே கோடு போடுங்கள். மாதம் முடிந்ததும் சூப்பர்வைசரிடம் கையெழுத்துக் கேளுங்கள். போடாவிட்டாலும் எழுதுவதை நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு தொழிற்பிரிவுக்கும் பாடத்திட்டம் உண்டு. அதை இணையதளத்திலிருந்து எடுத்து நோட்டின் பின்னட்டையில் ஒட்டிவைத்து, முடிந்ததை டிக் அடித்து வாருங்கள்.

மூன்று மாதம் கோடே இல்லாமல் ஓடினால், அந்த நோட்டோடு பயிற்சி மேலாளரைப் பார்த்து, "சார், பாடத்திட்டத்தில் கிரைண்டிங் இருக்கு, இன்னும் என்னை அங்கே அனுப்பலை" என்று கேளுங்கள். பணிவாகக் கேளுங்கள், ஆனால் கேளுங்கள். பல இடங்களில் அடுத்த வாரமே மாற்றிவிடுவார்கள். யாரும் கேட்காததால்தான் ஒரே மெஷினில் விட்டிருப்பார்கள். மாற்றவில்லை என்றால் புகாருக்கு அந்த நோட்டே சாட்சி. நேர்முகத் தேர்வில் "என்ன தெரியும்?" என்று கேட்கும்போதும் அதைப் புரட்டிக்கொண்டு போனவர்கள் திணறியதில்லை.